காணி தேடுமுன் மணிக்கூட்டைப் பாருங்கள்

அத்தியாயம் 6: பாவனை குறைந்த பொது இடத்தில் பிள்ளை பராமரிப்பு நிலையம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடம் இல்லாத ஊர் குறைவு. சுவரில் கல் பதித்திருக்கும். அதில் அடிக்கல் நாட்டியவர் பெயர் இருக்கும், திறந்து வைத்தவர் பெயர் இருக்கும், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய சங்கத்தின் பெயரும் இருக்கும். திறப்பு யாரிடம் என்று கேட்டால் நாலு வீட்டுக்கு அலைய வேண்டி வரும். அப்படியிருந்தும், பிள்ளை பராமரிப்பு நிலையம் ஒன்று வேண்டும் என்று பேச்சு வந்ததும் பெரும்பாலான குழுக்கள் முதலில் காணி தேடப் புறப்படுகின்றன, அடுத்த கிழமையே கட்டட வரைபடம் கீறுவிக்கின்றன. இந்த நூல் சொல்லும் ஒழுங்கு வேறு: யார் நடத்துவது, எந்த நேரம் நடத்துவது, எங்கே நடத்துவது, கடைசியாகத்தான் என்ன கட்டுவது.

ஊர் முன்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரையளவில் தொடங்கி நண்பகலுக்குள் முடிந்துவிடும். படலையைப் பூட்டினால் மறுநாள் காலைவரை அந்த மண்டபம், மலசலகூடம், தண்ணீர்த் தாங்கி, ஊஞ்சல் எல்லாம் சும்மா கிடக்கும். பிள்ளையின் தாய்க்கோ வேலை முடிய மூன்று மணி, ஐந்து மணி ஆகும். இடையிலுள்ள அந்த நேரத்தை அம்மம்மா பார்த்துக்கொள்வார். அம்மம்மா கனடாவில் என்றால் தாய் வேலையை விடுவார்.

### படி 1: யாருக்கு, எத்தனை மணிவரை?

1. உங்கள் கிராம அலுவலர் பிரிவில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளின் எண்ணிக்கையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பிள்ளைகளை நிறுப்பவர் அவர்தான். விதானையாரின் (கிராம அலுவலரின்) பதிவில் பிறந்த பிள்ளை ஏறப் பிந்தும், குடும்பநல மாதுவின் பதிவில் பிந்தாது.
2. வீடு வீடாகப் போங்கள். போகிறவர் பெண்ணாக இருக்கட்டும். கேட்க வேண்டியவை நாலே நாலு: பிள்ளையின் வயது, தாயின் வேலை, வேலைக்குப் போய் வரும் நேரம், இப்போது பிள்ளையை யார் பார்க்கிறார். "நிலையம் வந்தால் அனுப்புவீங்களோ?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லா வீட்டிலும் "ஓம்" என்றுதான் பதில் வரும்.
3. பதில்களை மணித்தியாலக் கோட்டில் குறியுங்கள். வலிகாமத்தில் வெங்காயத் தோட்டக் கூலிக்குப் போகும் தாய்க்கு விடியற்காலை முக்கியம். கரையோர ஊரில் மீன் வாங்கி விற்கும் தாய்க்கு அதற்கும் முந்திய நேரம். அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு மாலை. வைத்தியசாலைத் தாதிக்கு நேரம் கிழமைக்குக் கிழமை மாறும். ஒரே நிலையம் நாலு பேருக்கும் பொருந்தாது. கூடுதலான பிள்ளைகள் எந்த நேரத்தில் விழுகிறார்களோ அந்த நேரத்தை எடுங்கள்.
4. வயதைப் பிரித்து எழுதுங்கள்: 2 வயதுக்குக் கீழ், 2 முதல் 3, 3 முதல் 5. முதலாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்து நிற்கும். அதையும் கணக்கில் எடுங்கள்.

குறிப்பு: முதல் வருடம் 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கைக்குழந்தைக்கு ஆள் கூட வேண்டும், தண்ணீர் இன்னும் சுத்தமாக வேண்டும், பிழைக்கு இடமில்லை. நடத்திப் பழகிய பிறகு எடுக்கலாம்.

### படி 2: நடத்தும் அமைப்பு

தனியாளுக்கு எந்தச் சபையும் பொதுக்காணி தராது. பதிவுள்ள அமைப்பு வேண்டும். ஊரில் ஏற்கெனவே சனசமூக நிலையமோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ இருந்தால் அதற்குள்ளேயே ஒரு உபகுழுவாகத் தொடங்குங்கள். கணக்கறிக்கை சமர்ப்பித்து, ஆண்டுப் பொதுக்கூட்டம் வைத்துப் பழகிய சங்கமா என்று மட்டும் பாருங்கள். புதிய அமைப்புத்தான் வேண்டுமென்றால், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவதற்கான வழியைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள்.

உபகுழுவில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் தாய்மார் இருக்கட்டும். இளைப்பாறிய அதிபரும் கோவில் தர்மகர்த்தாவும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் பின்னேரம் மூன்று மணிக்குப் பராமரிப்பாளர் வரவில்லை என்றால் ஓடி வருவது அவர்களாக இருக்காது.

பெற்றோர் முன்னின்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை: 1945 வசந்தத்தில் போர் முடிந்த கையோடு, இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகருக்கு அருகிலுள்ள வில்லா செல்லா என்ற ஊரில் சனங்கள் ஒரு முன்பள்ளி கட்டினார்கள். பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு தாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்றுக் காசாக்கினார்கள். ஒரு கமக்காரர் நிலம் கொடுத்தார். குண்டு விழுந்த வீடுகளின் செங்கல்லைப் பொறுக்கிச் சுவர் எழுப்பினார்கள். எங்கள் ஊர்க்காரருக்கு இந்தக் கதையைச் சொன்னால் தாங்கி விற்ற பகுதியில்தான் கண் விரியும். அதைவிடப் பெரிய விடயம், நகரசபை தன் முதலாவது முன்பள்ளியைத் திறந்த 1963 வரை இப்படியான பள்ளிகளைப் பெற்றோரும் பெண்கள் அமைப்பும் இழுத்துக்கொண்டு போனது. பின்னால் உலகம் வந்து பார்த்த ரெஜியோ கல்விமுறை அந்தப் பெற்றோர் கூட்டத்திலிருந்து வளர்ந்தது.

முதல் நாளே சந்திக்க வேண்டியவர்: பிரதேச செயலகத்திலுள்ள முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர். முன்பள்ளிகளின் மேற்பார்வை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரியது. பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களுக்கு சிறுவர் செயலகமும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் வழிகாட்டல் வைத்திருக்கின்றன. எந்தப் பதிவு எந்த மேசையில் என்பதை அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, வழிகாட்டலின் தமிழ்ப் பிரதியையும் வாங்கி வாருங்கள். இந்த அத்தியாயத்திலுள்ள அளவுகள் அந்த வழிகாட்டலோடு முரண்பட்டால் வழிகாட்டலையே பின்பற்றுங்கள்.

### படி 3: இடத்தைத் தெரிவு செய்தல்

சிக்கல் குறைந்ததிலிருந்து கூடியது வரை மூன்று வகை. முதல் வகையில் இடம் கிடைத்தால் மற்ற இரண்டையும் வாசிக்கத் தேவையில்லை.

அரைநாள் இடங்கள். பின்னேரம் பூட்டப்படும் முன்பள்ளி, காலையில் ஆளில்லாத சனசமூக நிலைய மண்டபம், மாதத்துக்கு ஒரு கூட்டம் மட்டும் நடக்கும் மாதர் சங்கக் கட்டடம். சனசமூக நிலையத்தில் பேப்பர் பார்க்க வரும் பெரியவர்களை வெளியே அனுப்பிவிடாதீர்கள். வாசிப்பு மேசையை விறாந்தைக்கு மாற்றினால் இரு பகுதிக்கும் இடம் கிடைக்கும், பிள்ளைகளுக்கு மேலதிகமாக நாலு சோடிக் கண்ணும் கிடைக்கும்.

பாவனையற்ற கட்டடங்கள். பிள்ளைகள் குறைந்து மூடிய பாடசாலை (தீவுப் பகுதிகளில் இதை அதிகம் காணலாம்), பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் மூடிய கிளைக் கடை, சபையின் பழைய உப அலுவலகம். கூரையும் சுவரும் தாங்குமா என்று சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம் என்று சந்தேகம் இருந்தால் ஒரு ஓட்டைக்கூடக் கழற்றுமுன் தொல்லியல் திணைக்களத்தைக் கேளுங்கள்.

வெறுங்காணி. கடைசித் தெரிவு. இருபது, இருபத்தைந்து பிள்ளைகளுக்கு இரண்டு பரப்புப் போதும் (ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர்). அரை ஏக்கர் கேட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் குழுக்கள் உண்டு. மதிலுக்கும் துப்புரவுக்கும் போகும் செலவை எண்ணிப் பார்த்தால் பெரிய காணி பாரம்தான்.

இடம் எங்கே இருக்க வேண்டும் என்பதை மலையகத்தைப் பார்த்துக் கற்கலாம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நூறு குறை சொல்லலாம். ஆனால் அதில் வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையை விட்டுப் போக முடியும். உங்கள் நிலையமும் சந்தைக்கோ துறைமுகத்துக்கோ பஸ் தரிப்பிடத்துக்கோ போகும் பாதையில் இருக்கட்டும். தாய் எதிர்த் திசையில் இரண்டு மைல் சைக்கிள் மிதிக்க வேண்டிய இடத்தில் காணி இலவசமாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

#### கை வைக்கக் கூடாத இடங்கள்

- பற்றை மூடிய காணி எல்லாம் ஆளில்லாக் காணி ஆகாது. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்களின் வளவுகள் பகுதி பகுதியாகத்தான் விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கரும் 2017 ஜூலையில்தான் திரும்பின. உரிமையாளர் பிரான்ஸிலோ தமிழகத்து முகாமிலோ இருக்கலாம், உறுதி அவரிடம் இருக்கலாம். அக்கம்பக்கத்தில் ஒரு முதியவரிடம் "இது ஆற்றை வளவு?" என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.
- குளமும் குளத்தங்கரையும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழையை நிலத்தடிக்கு இறக்குபவை இந்தக் குளங்களே. நிரப்பாதீர்கள்.
- வயற்காணி. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் நிரப்ப முடியாது.
- கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் உள்ள நிலம். கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் அங்கே கட்ட முடியாது. மீனவ ஊர்களில் குழுக்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன, ஏனென்றால் ஊரே அந்த 300 மீற்றருக்குள்தான் இருக்கும். ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தைப் பாவிப்பது இங்கே இன்னும் நல்ல வழி.

### படி 4: காணி யாருடையது?

"சபைக் காணி" என்று ஊர் சொல்வது சபையினுடையதாக இருக்க வேண்டுமென்றில்லை. அரசகாணியாக இருந்து பிரதேச செயலாளரின் பொறுப்பில் இருக்கலாம், கல்வித் திணைக்களத்தினுடையதாக இருக்கலாம், யாரோ ஒரு புண்ணியவான் 60 வருடத்துக்கு முன் வாய்ச் சொல்லாகத் தந்ததாகவும் இருக்கலாம்.

1. விதானையாரிடம் காணியின் பெயரைக் கேளுங்கள். குடாநாட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயரில்லாமல் எந்தப் பதிவையும் தேட முடியாது.
2. பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரைச் சந்தித்து அரசகாணிப் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள்.
3. உள்ளூராட்சி சபையில் ஆதனப் பதிவேட்டைப் பாருங்கள். யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் உள்ளன. எல்லையோரக் காணியென்றால் எந்தச் சபை என்பதிலேயே குழப்பம் வரும்.
4. பாடசாலைக் காணியானால் வலயக் கல்விப் பணிமனை. யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள்.
5. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்). ஒவ்வொரு பொது அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. கேள்வியைச் சிறிதாக வையுங்கள்: "இந்தப் பெயருடைய, இந்த எல்லைகளுடைய காணி எந்த நிறுவனத்தின் பெயரில் உள்ளது? அதன் நில அளவைப் படத்தின் பிரதி தருக."

வழக்கமான பிழை: கடிதம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவது. "கடிதத்தை வச்சிட்டுப் போங்கோ தம்பி, பார்ப்பம்" என்றால், "சரி ஐயா, இந்தப் பிரதியிலை திகதி முத்திரை ஒண்டு குத்தித் தாங்கோ" என்று கேளுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோவதைப் பழக்கமாக்குங்கள். முத்திரை குத்திய கடிதத்துக்கு அலுவலகங்களில் தனி மரியாதை உண்டு.

### படி 5: எழுத்தில் எடுத்தல்

உறுப்பினரின் வாக்குறுதியை நம்பிச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். அவர் அடுத்த தேர்தலில் இல்லாமற்போகலாம். சபையே இல்லாமலும் போகலாம். 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தலுக்குப் பின் புதிய சபைகள் கூடும்வரை, உறுப்பினர்களில்லாமல் அதிகாரிகளே உள்ளூராட்சி சபைகளை நடத்தினார்கள்.

சபையின் இடமானால்: தவிசாளருக்கு விண்ணப்பம், உங்கள் வட்டார உறுப்பினரின் பிரேரணை, சபைத் தீர்மானம், அதன் பிறகு உடன்படிக்கை. அடுத்த ஆண்டுப் பாதீடு ஆண்டு முடிவுக்குள் நிறைவேற வேண்டும். ஆகவே மலசலகூடத்துக்கோ வேலிக்கோ சபையிடம் காசு கேட்பதானால் செப்ரெம்பருக்குள் விண்ணப்பம் போய்ச் சேரட்டும். டிசெம்பரில் போய் நின்றால் அனுதாபம் மட்டும் கிடைக்கும்.

அரசகாணியானால்: விண்ணப்பம் பிரதேச செயலாளரிடம் தொடங்கி, மாகாணக் காணி ஆணையாளர் வழியாகக் காணி ஆணையாளர் நாயகம் வரை போகும். பொதுப்பணிக்குச் சலுகை வாடகையில் கொடுக்க அரசகாணிக் கட்டளைச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் நாள் எடுக்கும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் விடயத்தை எழுப்பச் செய்து, கூட்ட அறிக்கையில் ஏற்றிவிடுங்கள். அறிக்கையில் ஏறியது அடுத்த கூட்டத்தில் "என்னாயிற்று" என்று கேட்கப்படும்.

கூட்டுறவுச் சங்கம் அல்லது தனியார் தர்மக் காணியானால்: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு எழுதாவிட்டால் சட்டத்தில் நிற்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் அப்படித்தான் சொல்கிறது. எழுதியதைக் காணிப் பதிவகத்திலும் பதியுங்கள்.

உடன்படிக்கையில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

- குறைந்தது ஐந்து வருடம். முடிப்பதானால் ஆறு மாத அறிவித்தல், அதுவும் வருட நடுவில் வேண்டாம்.
- மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் யாருடையது. கூரை ஒழுகினால் யார் திருத்துவது.
- வேறு பாவனை: கூட்டம், வாக்களிப்பு, வெள்ளகால முகாம். எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், யார் துப்புரவாக்கித் தர வேண்டும்.
- திறப்பு. மூன்று பிரதி, மூன்று பேர், மூவர் பெயரும் எழுத்தில்.

### படி 6: பிள்ளை காலடி வைக்குமுன்

இந்தப் பகுதியைத் தாவ வேண்டாம். குடாநாட்டு நிலத்துக்குரிய ஆபத்துகள் வெளிநாட்டுக் கைநூல்களில் இருக்காது.

வெடிபொருள். போர் நடந்த இடம், முகாம் இருந்த இடம், அண்மையில் விடுவித்த இடம் என்றால், கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த பத்திரம் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பத்திரத்தைக் கண்ணால் பார்க்கும்வரை சிரமதானம் வைக்காதீர்கள், பற்றைக்கு நெருப்பு வைக்காதீர்கள், குழி தோண்டாதீர்கள். சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாமல், போன அடியிலேயே திரும்பி வந்து 119க்கு அறிவியுங்கள்.

கிணறு. எங்கள் கிணறுகள் வாய் அகன்றவை. கட்டு இடுப்பளவு உயரம் இருந்தாலும், அருகில் ஒரு வாளியோ கல்லோ கிடந்தால் மூன்று வயதுப் பிள்ளை ஏறிவிடும். கட்டுக்கு மேல் இரும்பு வலை மூடி போட்டுப் பூட்டுங்கள். மோட்டர் போட்டுத் தாங்கியில் தண்ணீர் எடுத்தால் கிணற்றடிக்கு ஒருவரும் போக வேண்டியதில்லை. நெடுநாள் ஆளில்லாத வளவுகளில் பற்றைக்குள் கட்டில்லாத பாழ்கிணறு மறைந்திருக்கும். வேலை தொடங்குமுன் அயலவர் ஒருவரோடு சுற்றி நடந்து எல்லாவற்றையும் கயிறு கட்டி அடையாளமிடுங்கள்.

தண்ணீர். குடாநாட்டின் அடியில் இருப்பது துவாரமுள்ள சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலக் குழியின் கசிவும் வடிபடாமலே கிணற்றுக்கு இறங்கிவிடும். பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு கூட. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க உதவாது. புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அது இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோவதையே கெடுத்து, உடம்பை நீலம் பாயச் செய்யும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே "நாங்கள் கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறம்" என்ற பதில் இங்கே போதாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) மூலம் தண்ணீரைப் பரிசோதியுங்கள். கிருமி, நைத்திரேற்று இரண்டையும் கேளுங்கள். சுன்னாகத்தைச் சுற்றிய பகுதியென்றால் எண்ணெய்க் கழிவையும் சேருங்கள். மழைக்கு முன்னொரு முறை, பின்னொரு முறை பார்க்க வேண்டும். தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024இல் திறந்த பிறகு குழாய்நீர் வந்த இடங்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுங்கள், கிணறு கை கால் கழுவ இருக்கட்டும்.

மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் வெட்டலாம் என்று பி.எச்.ஐ. வந்து காட்டட்டும். அடியில்லாத குழியைவிட, அடியும் சுவரும் கொங்கிறீற் போட்ட தாங்கி இந்த மண்ணுக்கு நல்லது.

அலரி. மஞ்சள் பூ அலரி வேலியில் நின்றால் வேரோடு எடுங்கள். 1980களிலிருந்து யாழ்ப்பாணத்தில் எத்தனையோ உயிரைக் குடித்த விதை அது. பிள்ளைக்கு விளையாட்டுக் காய் போலத் தெரியும். ஆமணக்கு, ஊமத்தை, குன்றிமணிக்கொடியும் அப்படித்தான்.

பாம்பு. புடையன், எட்டடிவிரியன், சுருட்டை மூன்றும் இங்கே உண்டு. கற்குவியல், விறகு, கிடுகு அட்டி, உடைந்த ஓடு எதுவும் வளவுக்குள் இருக்கக் கூடாது. கடித்தால் கட்டுப் போட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். பாம்பெதிர் மருந்துள்ள கிட்டிய வைத்தியசாலை எது என்று முன்கூட்டியே கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பனை. ஆவணி, புரட்டாதியில் பழம் விழும், காற்றுக்குக் காவோலை விழும். தறிக்க அனுமதி வேண்டும், கிடைக்க நாளாகும். அதுவரை காவோலையைக் களைந்து, விழும் தூரத்துக்குக் கயிறு கட்டி விடுங்கள். விளையாட்டுத் திடலை வேம்புக்கோ மாவுக்கோ கீழே போடுங்கள்.

கூரை. பழைய கட்டடத்தில் உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற் இருந்தால் அடித்து உடைத்துக் கழற்றாதீர்கள். தண்ணீர் விட்டு நனைத்து, முகமூடி போட்டு, முழுதாக இறக்கி, பொலித்தீனில் சுற்றி அகற்றுங்கள். தும்பு நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. சிரமதானத்துக்கு வரும் பெடியளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

மின்சாரம். முழு வயரிங்கையும் புதிதாகப் போட்டு, ட்ரிப் சுவிச் பொருத்தி, செருகி போடும் இடங்களை ஐந்தடி உயரத்தில் வையுங்கள்.

### படி 7: குறைவாகக் கட்டுங்கள்

ஒரு பிள்ளைக்கு உள்ளே 30 முதல் 35 சதுர அடி என்று வையுங்கள். 20 அடிக்கு 40 அடி மண்டபத்தில் 22 முதல் 26 பிள்ளைகள். அதற்கு மேல் அழுது நின்றாலும் எடுக்காதீர்கள்.

வாசல் இரண்டு வேண்டும், இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கதியால் வேலி இரண்டு வயதுப் பிள்ளையை மறிக்காது. நாலடிக் கம்பி வலை அடியுங்கள், பழைய முட்கம்பி இருந்தால் கழற்றுங்கள். படலைக் கொளுக்கி பெரியவர் கைக்கு மட்டும் எட்ட வேண்டும். மினுங்கும் மாபிள் தரை வேண்டாம். மழைக்காலத்தில் ஈரக்காலோடு ஓடும் பிள்ளை சறுக்கி விழும். சீமெந்துத் தரை போதும், படுக்கப் பாய். அடுப்படி தனிக் கதவோடு, காஸ் சிலிண்டர் வெளியே.

பராமரிப்பாளர் இருக்கும் இடத்திலிருந்து மலசலகூட வாசல் தெரிய வேண்டும். வரைபடத்தில் இந்த ஒரு கோட்டைப் பேனையால் கீறிப் பாருங்கள். இடையில் சுவர் வந்தால் வரைபடத்தை மாற்றுங்கள்.

### படி 8: ஆளும் காசும்

1. 3 முதல் 5 வயது: பத்துப் பிள்ளைக்கு ஒருவர். 2 முதல் 3: ஆறுக்கு ஒருவர். பிள்ளை ஒன்றே ஒன்று நின்றாலும் வளவுக்குள் பெரியவர் இருவர் இருக்க வேண்டும்.
2. ஒவ்வொருவருக்கும், காவலாளிக்கும் சமையல் அக்காவுக்கும்கூட, பொலிஸ் அறிக்கையும் விதானையாரின் நற்சான்றிதழும். "எங்கட ஊர்ப் பிள்ளைதானே" என்று விலக்குக் கொடுக்காதீர்கள். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைப் பெற்றோர் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள்.
3. பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று தாய் கையெழுத்திட்ட பட்டியல். பட்டியலில் இல்லாதவர் மாமாவானாலும் தொலைபேசியில் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.
4. 20 பிள்ளைக்கு இடம் இருந்தால் 15 பிள்ளையின் கட்டணத்தில் மாதச் செலவு நேராக வேண்டும். காய்ச்சல், திருவிழா, பாட்டி வீடு என்று எப்போதும் சிலர் வரமாட்டார்கள்.
5. நாட்கூலித் தாய்மாரிடம் மாதக் கட்டணம் கேட்காதீர்கள். கிழமைக் கட்டணம் கட்டுவார்கள்.

வெளிநாட்டுக் காசு பற்றி: வேலிக்கும் கிணற்று மூடிக்கும் வாங்குங்கள், சம்பளத்துக்கு வாங்காதீர்கள். அனுப்பும் அண்ணருக்கு அங்கே வேலை போனால் இங்கே இரண்டு பெண்களின் அடுப்பு அணையும். பெரிய தொகை வந்தால் சங்கத்தின் பெயரில் நிலையான வைப்பில் போட்டு, வட்டியைக் கட்ட வசதியில்லாத பிள்ளைகளின் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள்.

குறிப்பு: திறப்பு விழாவை மூன்று மாதம் பிந்தி வையுங்கள். முதலில் பத்துப் பிள்ளைகளோடு சத்தமில்லாமல் நடத்துங்கள். விருந்தினர் வரும்போது பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே படுத்து எழும்பிக்கொண்டிருக்கட்டும்.

### படி 9: முதல் மாரி

ஐப்பசி தொடங்குமுன் பீலிகளையும் தாங்கி மூடிகளையும் பாருங்கள். ரயர், சிரட்டை, உடைந்த விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் அகற்றுங்கள். டெங்கு குடாநாட்டில் மாரியோடுதான் ஏறும். கிழமைக்கு ஒரு நாள், அதே நாள், அதே ஆள் என்று வைத்தால் விடுபடாது.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோதும் 2020 டிசெம்பரில் புரேவி வந்தபோதும் ஊர்ப் பொதுக் கட்டடங்கள் இடைத்தங்கல் முகாம்களாயின. உங்கள் நிலையமும் ஒருநாள் ஆகும். மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. அன்றைக்கென்று இப்போதே செய்து வைக்க வேண்டியவை: பிள்ளைகளின் பாய், பாத்திரம், பதிவேடு எல்லாம் உயரத்தில் பூட்டக்கூடிய ஒரு அலுமாரியில், பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள் இருவரின் வீட்டில், தாய்மார் வேலைக்குப் போக வேண்டியிருந்தால் ஐந்து ஆறு பிள்ளைகளாகப் பிரித்து வைத்துக்கொள்ள, முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மூன்று நாலு வீடுகள். முகாம் முடிந்ததும் மலசலக் குழியை இறைப்பித்து, கிணற்றை இறைத்துக் குளோரின் போடுவித்து, பி.எச்.ஐ. வந்து பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் படலையைத் திறக்க வேண்டும். அதற்கு நாலு நாளோ ஒரு கிழமையோ ஆகலாம். அந்தக் கிழமைக்குக் கட்டணம் வாங்காதீர்கள், பராமரிப்பாளரின் சம்பளத்தையும் வெட்டாதீர்கள். இதற்கென ஒரு மாதச் செலவை எப்போதும் வங்கியில் தொடாமல் வைத்திருங்கள்.